இரண்டாம் ஆள் தேவைப்படாத ரெஞ்சு

தோர்க்கெல் செய்த பைப் ரெஞ்சு கடைகளுக்கு வந்த வருடத்தின் இலையுதிர் காலத்தில், அவனுடைய தங்கை கணவன் அன்ஸ்காரின் கால்கள் தரையை விட்டு எழும்பின. முதலில் ஒரு விரற்கடை உயரம்தான். அந்த வருடம் எங்கள் ஹெல்ம்விக்கில் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது, மெலாரன் ஏரியில் மீன் குறைவு, தண்ணீர்க் கோபுரத்துக்குக் கூரை போட்டு முடித்தார்கள். ஊரில் இவற்றோடு சேர்த்துத்தான் அன்ஸ்கார் எழும்பியதையும் சொல்வார்கள். முதலில் கண்டவள் அவன் மனைவி ஹெட்விக். அவள் மண்டியிட்டுச் சமையலறைப் பலகைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "காலை எடுங்க" என்றாள். அவன் காதில் விழவில்லை. அவள் தூரிகையை அவன் பூட்ஸுக்கு அடியிலேயே இழுத்துத் தேய்த்து, மூலைவரை போய், தண்ணீரைப் பிழிந்து ஊற்றிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்த்தாள்.

அதற்கு முன்பு ஊரிலேயே கனமான ஆள் அன்ஸ்கார்தான். அவன் வேலையே கனமாக இருப்பதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை. அவனும் தோர்க்கெலும் குழாய் ஃபிட்டர்கள். ஆவிக்குழாய், கேஸ் குழாய், பிற்பாடு தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர்கள் கைப்பட்டவை. அந்நாளில் ஒவ்வொரு குழாய் அளவுக்கும் ஒரு ஸ்பேனர் வேண்டும். தள்ளுவண்டி நிறைய இரும்போடு போவார்கள். தோர்க்கெல் மெலிந்தவன், விரல் நீளமானவன், அவன் திருகுவான். முன்குழாயைத் திருகும்போது பின்குழாயும் கூடவே சுழன்றால் ஏற்கெனவே இறுக்கிய மரை கழன்றுவிடும். அது கழலாமல் சங்கிலிக் குறடு போட்டு எதிர்ப்பக்கம் பிடித்து நிற்பது அன்ஸ்கார். வீட்டுக்காரர்கள் பார்ப்பதெல்லாம் திருகுகிறவனைத்தான். அன்ஸ்கார் எப்போதும் தரைப்பலகைக்குக் கீழே, அல்லது சுவருக்கும் கொதிகலனுக்கும் நடுவில் இருப்பான். தோர்க்கெல் மேலேயிருந்து, "மாப்ள, இருக்கியா?" என்பான். "இல்ல மச்சான், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கேன்" என்று அடியிலிருந்து குரல் வரும். பதினைந்து வருடம் இதே கேள்வி, இதே பதில். இருவரும் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

மதுவடிப்பு ஆலையின் நிலவறையில் நடந்த விபத்துதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தேய்ந்த நட்டில் ஸ்பேனர் வழுக்கியது. தோர்க்கெல் பின்னால் போய் விழுந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழாய் முழு விசையோடு திரும்பி அன்ஸ்காரைச் சுவரோடு நசுக்கியது. விலா எலும்புகள் உடைந்தன. அப்போதும் அவன் சங்கிலியை விடவில்லை. விட்டிருந்தால் கொதிக்கும் ஆவி தோர்க்கெல் முகத்தில்தான் அடித்திருக்கும். படுக்கையில் கிடந்தவனுக்குக் கட்டுப் போட்டுவிட்டு ஹெட்விக் அண்ணனைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள்.

"அண்ணே, உனக்கு மூளை இருக்குன்னு அம்மா சாகிறவரைக்கும் சொல்லிட்டே இருந்தா. அது நிஜமான்னு நான் இன்னிக்குப் பார்க்கணும்."

"என்ன பண்ணச் சொல்ற?"

"வழுக்காத ஒண்ணைச் செய். இவரு இனிமே எந்தக் குழாய்க்கு அடியிலயும் போய்ப் படுக்கக் கூடாது. செய்வியா, மாட்டியா?"

செய்கிறேன் என்றான். தங்கை கேட்டு அவன் மறுத்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில் சின்ன உலை போட்டான். இரண்டு குளிர்காலம் அதிலேயே போயிற்று. எந்தக் குழாய்க்கும் பொருந்தும்படி ஒரு தாடை நகர வேண்டும். பிடித்த கையின் கட்டைவிரலாலேயே அதை நகர்த்த முடிய வேண்டும். அப்போதுதான் மறுகை சும்மா இருக்கும். அதற்கு மரை வெட்டிய ஒரு வளையத்தைக் கைப்பிடியின் கழுத்தில் பொருத்தினான். அது சரியாகவே வந்தது. ஆனால் பிடி நிற்கவில்லை. தாடையை எவ்வளவு கச்சிதமாக, அசைவில்லாமல் பொருத்தினானோ, உருண்டைக் குழாயில் அது அவ்வளவு வழுக்கியது. பல் வெட்டிப் பார்த்தான், பல் மழுங்கியது. எஃகை மாற்றினான், தாடை உடைந்தது. கொட்டகை மூலையில் தோற்றுப்போன தாடைகள் குவிந்தன. அன்ஸ்கார் விலா ஆறிய பிறகும் கவிழ்த்துப்போட்ட பீப்பாய் மேல் உட்கார்ந்து ஏலக்காய் பன் தின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறுக்கு, இறுக்குன்னு ஏன் உசுரை விடுற?" என்றான் ஒருநாள்.

"இறுக்காம எப்படி மாப்ள பிடிக்கும்?"

"நான் எப்பவாச்சும் இறுக்கிப் பாத்திருக்கியா? எடுத்த எடுப்புல இறுக்கிப் பிடிச்சா கை வழுக்கிடும். சும்மா லேசாத்தான் பிடிப்பேன். குழாய் இழுக்கும்ல, அது இழுக்கிற பக்கமே கொஞ்சம் சாய்ஞ்சு குடுப்பேன். நான் சாயச் சாய அதுவே என்னை இறுக்கிக்கும். அப்புறம் எங்கப்பன் வந்தாலும் கழட்ட முடியாது."

தோர்க்கெல் அரத்தைக் கீழே வைத்தான். அன்ஸ்காரை எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு குழாயைக் கையில் கொடுத்து, இழுத்துப் பார்த்தான். இன்னொரு தரம் இழுத்தான். அவனுடைய தோள் எப்படி முன்னால் சாய்கிறது, இடுப்பு எங்கே தங்குகிறது, குதிகால் எந்தக் கணத்தில் தரையைப் பற்றுகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு தாடையை வேண்டுமென்றே தளர்வாகப் பொருத்தி, அதற்கு ஒரு சின்ன ஊஞ்சலாட்டம் கொடுத்து, பின்னால் ஒரு வில்தகடு வைத்தான். இழுக்க இழுக்கத் தாடை சாய்ந்து குழாயைக் கவ்வியது. விட்டதும் தானாகத் தளர்ந்தது. இரண்டு கையிலும் இரண்டு ரெஞ்சு எடுத்து ஒருவனே முன்குழாயைத் திருகவும் பின்குழாயைப் பிடிக்கவும் முடிந்தது. அன்று மாலை மூவரும் ஹெட்விக் வறுத்த ஹெர்ரிங் மீனைச் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கு ஒரு கோப்பை குடித்தார்கள். "என்னை இரும்புல வார்த்துட்டான் உங்கண்ணன்" என்று அன்ஸ்கார் மனைவியிடம் சொன்னான். எல்லோரிலும் அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் அவன்தான்.

ஏரிக்கரைப் பட்டறையின் முதலாளியம்மா லுண்டெல் அதை வாங்கி வார்க்கத் தொடங்கினாள். பட்டறை ஆட்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: வார்த்த ரெஞ்சைத் தராசில் வைத்தால் உலையில் போட்ட இரும்பைவிடச் சற்று அதிக எடை காட்டியது. தராசு பழசு என்று முதலாளியம்மா சொன்னாள். புதுத் தராசும் அதையேதான் காட்டியது. வாங்கியவர்கள் குறை சொல்லவில்லை. கைக்கு நல்ல பாரமாக, நம்பிக்கையாக இருக்கிறது என்றார்கள். சில மாதங்களுக்குள் சுற்றுவட்டார ஃபிட்டர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பையோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை கொடுக்கிறவர்களும், "எதுக்குப்பா ரெண்டு பேரு?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

தோர்க்கெல் மட்டும் முன்போலவே தினமும் காலையில் அன்ஸ்கார் வீட்டு வாசலில் நின்று சீட்டியடித்துக் கூட்டிப்போனான். போகிற இடத்தில் அன்ஸ்கார் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பையைத் தூக்கிவருவான், பிறகு சுவரில் சாய்ந்து நிற்பான். ஒரு திங்கட்கிழமை ரயில் நிலையத்தில் ஒரேயொரு குழாய்முனை கசிகிறது என்று ஆள் வந்தது. இவ்வளவு சின்ன வேலைக்கு அவனை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று தோர்க்கெல் நினைத்தான். அவன் நினைத்தது அவ்வளவுதான், அதில் வேறொன்றும் இல்லை என்று பிற்காலத்தில் பாதிரியார் முன்னிலையில்கூடச் சொன்னான். அன்று அவன் சீட்டியடிக்காமல் அந்த வாசலைத் தாண்டிப் போனான். அன்ஸ்கார் பூட்ஸ் போட்டு, தொப்பி வைத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றான். அந்தத் திங்கட்கிழமைதான் ஹெட்விக் சமையலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

முதல் பனி விழுந்தபோது அவன் ஒரு முழ உயரத்தில் இருந்தான். டாக்டர் நெஞ்சைத் தட்டிப்பார்த்து, நுரையீரல் நன்றாக இருக்கிறது, பட்டாணி சூப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். பாதிரியார் ஜெபித்தார். பூட்ஸில் ஈயத்தகடு வைத்துத் தைத்தார்கள். பூட்ஸும் சேர்ந்து எழும்பியது. முதலாளியம்மா லுண்டெல் நல்ல மனசுக்காரி, பட்டறை வாசலில் காவல் வேலை கொடுத்தாள். அன்ஸ்கார் ஒரு வாரம் வாசலுக்கு மேலே நின்றுவிட்டு, "இந்த கேட்டை எவனும் திருடிட்டுப் போகப்போறதில்லம்மா. நீங்க என்மேல இரக்கப்பட்டு வச்சிருக்கீங்க" என்று சொல்லிக் கும்பிடு போட்டு வந்துவிட்டான். ஊர் பழகிக்கொண்டது. ரொட்டிக்கடை மால்ம்கிரேன் அம்மா மட்டும் ஹெட்விக்கைக் கடிந்துகொண்டாள்: "உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடிச்சுக்கடி. பன் தட்டுல பூட்ஸ் படுது. நேத்து ஒருத்தி, ஹெட்விக்குக்கென்ன, சட்டி பானை எடுக்க ஏணியே வேண்டாம்ங்கிறா. நான்தான் அவ வாயை அடைச்சேன்." ஹெட்விக் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் கேட்டதுதான் நடந்திருந்தது: அவன் இனி எந்தக் குழாய்க்கு அடியிலும் போகவேண்டியதில்லை.

தோர்க்கெல் அந்தக் குளிர்காலம் முழுவதும் முகம் கொடுக்க முடியாமல் அவர்கள் வீட்டுப் பக்கமே வராதிருந்தான். பிறகு வசந்தத்தில், ஏரியில் பனிக்கட்டி உடையும் சமயத்தில், ஒருநாள் காலையில் வாசலில் சீட்டிச் சத்தம் கேட்டது. தள்ளுவண்டியில் பழைய ஸ்பேனர்களும் சங்கிலிக் குறடும் இருந்தன.

"மாப்ள, பாதிரியார் வீட்டுக் குழாய் படுத்துது. ரெண்டு அங்குலத்துக்கும் மேல. நம்ம ரெஞ்சு அதுல உட்கார மாட்டேங்குது. நீ வந்தாத்தான் ஆகும்."

அன்ஸ்கார் கதவு நிலையைப் பிடித்துக் குனிந்து வெளியே வந்தான். பாதிரியார் வீட்டு நிலவறையில் சங்கிலியைக் குழாயில் சுற்றி, வழக்கம்போல் லேசாகப் பிடித்தான். தோர்க்கெல் மறுமுனையில் ஸ்பேனரை இழுத்தான். குழாய் முனகியது. அன்ஸ்கார் அது போகும் பக்கம் சாய்ந்தான். அவன் கால்கள் மெதுவாக இறங்கின, பூட்ஸின் நுனி செங்கல் தரையைத் தொட்டது, பிறகு குதிகால். பழையபடி அவன் தோள்பட்டையில் பாரம் ஏறுவதைத் தோர்க்கெல் கண்ணால் கண்டான்.

"மாப்ள, இருக்கியா?"

"இல்ல மச்சான், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கேன்."

ஒரு மணி நேரம் போல வேலை செய்தார்கள். இரண்டு மூட்டுகள் முடிந்தன. மூன்றாவதை இறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டு வேலைக்காரி ராக்னா காபித் தட்டோடு படியிறங்கி வந்தாள். வெள்ளை மனசுக்காரி, வாய் மட்டும் ஓயாது. "ஏண்ணே, அந்தப் புது ரெஞ்சு கொண்டாரலையா? போன வாரம் வந்து இதே குழாயை ஒத்தை ஆளா மாட்டிட்டுப் போனீங்களே, சொட்டுத் தண்ணி ஒழுகலையே. அப்புறம் நேத்து நீங்களே வந்து எதுக்குக் கழட்டிப் போட்டுட்டுப் போனீங்கன்னு பாதிரியாரம்மா கேட்டுட்டே இருந்தாங்க."

தோர்க்கெல் தலையைக் குனிந்துகொண்டான். அன்ஸ்காரின் கால்கள் செங்கலை விட்டு எழும்பின. ஆனாலும் அவன் சங்கிலியை விடவில்லை. மூட்டு முழுவதும் இறுகும்வரை, கால்கள் மேலே மிதக்க, தலை நிலவறை உத்தரத்தில் இடிக்க, பிடித்துக்கொண்டே இருந்தான். கடைசிச் சுற்று முடிந்ததும் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தான். "காபி ஆறிடும், குடி" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து அவன் கூரை உயரத்தை விட்டுக் கீழே இறங்கவில்லை.

அதன் பிறகு வருடங்கள் போனதைச் சொல்ல அதிகம் இல்லை. ஹெட்விக் வீட்டு மேல்தளப் பலகைகளைப் பிரித்து எடுத்துவிட்டாள், அவனுக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று. அவன் சாய்வுக் கூரைக்கு அடியில் படுத்தான், அங்கிருந்தே வலை பின்னினான், சுவர்க் கடிகாரங்களைப் பழுதுபார்த்தான், நல்ல நாட்களில் இடுப்பில் துணி உலர்த்தும் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவளோடு சந்தைக்குப் போய்வந்தான். ரெஞ்சு கடல் கடந்து போயிற்று. தலைநகரத்துக் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். தோர்க்கெல் வாங்கப் போகவில்லை, பட்டறையிலிருந்து வேறு யாரோ போனார்கள். கைப்பிடியை இன்னும் கொஞ்சம் மாற்றிக் கொடு என்று லுண்டெல் அம்மாவின் மகன் கேட்டான். இனி ஒரு கோடுகூட வரைய மாட்டேன் என்று தோர்க்கெல் சொல்லிவிட்டான். ஞாயிறுதோறும் அவன் தங்கை வீட்டுக்கு வந்தான். அண்ணாந்து பார்த்துப் பேசிக் கழுத்து வலிக்கும். மீன், மழை, ரயில் நேரம், யாருக்குக் குழந்தை பிறந்தது என்று எல்லாம் பேசினார்கள். குழாயைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமைகளில் அவன் இன்னொரு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படியே சுற்றிப் போனான்.

தோர்க்கெலுக்கு நுரையீரல் கெட்டுப்போய், இனி எழமாட்டான் என்று டாக்டர் சொன்ன கோடைகாலத்தில், ஹெட்விக் கணவனைக் கயிற்றோடு அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. அவள் கயிற்றைக் கட்டில் காலில் கட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தோர்க்கெல் மல்லாந்து படுத்திருந்தான். அன்ஸ்கார் கூரையில் முதுகு பதிய, கீழே பார்த்தபடி இருந்தான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக இருவரும் கழுத்தைத் திருப்பாமல் நேருக்கு நேர் முகம் பார்த்தார்கள்.

"வயசாயிடுச்சு மாப்ள உனக்கு" என்றான் தோர்க்கெல்.

"நீ மட்டும் என்ன, மாப்பிள்ளைக் கோலத்துலயா இருக்க?"

பிறகு தோர்க்கெல், "அந்த எழவெடுத்த ரெஞ்சை நான் செஞ்சிருக்கவே கூடாது" என்றான்.

"போடா. நீ செய்யலன்னா வேற எவனாச்சும் செஞ்சிருப்பான். நல்ல சாமான் அது. அதைக் குறை சொல்லாத."

"உன்கிட்ட பொய் சொன்னேனே. பாதிரியார் வீட்ல."

அன்ஸ்கார் கூரைப்பலகையின் முடிச்சு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "அது பொய்னு நிலவறைக்குள்ள காலை வச்சப்பவே எனக்குத் தெரியும் மச்சான். குழாய்மேல புதுத் தடம் இருந்துச்சு. உன் ரெஞ்சோட பல்லு எனக்குத் தெரியாதா?"

தோர்க்கெல் கண்ணை மூடிக்கொண்டான். "தெரிஞ்சுமா கீழ இறங்கின?"

"இறங்கினேன்ல? நீ மெனக்கெட்டு ஒரு குழாயைக் கழட்டிப் போட்டுட்டு வந்து கூப்பிட்டிருக்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு சொன்னதால நான் மேல போகல. நீ தலையைக் குனிஞ்ச பாரு, அதாண்டா. ஒரு வாரம் கோவமா இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் பூட்ஸைப் போட்டுட்டுக் காத்திருந்தேன். ஹெட்விக்கைக் கேளு. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

"நான் மறுபடி வந்தா உன்னை அவமானப்படுத்துற மாதிரி ஆகும்னு நெனச்சேன்."

"நெனச்ச. கேட்டிருக்கலாம்ல? வேற பொய்யைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

தோர்க்கெலின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்க அவனால் முடியவில்லை. "இப்பக் கூப்பிட்டா வருவியா மாப்ள?" என்று கேட்டான்.

"வருவேன். உன்னால திருக முடியாதே."

இருவரும் சிரித்தார்கள். தோர்க்கெலுக்குச் சிரிப்பு இருமலாயிற்று. ஹெட்விக் ஓடிவந்து அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அன்ஸ்கார் இரண்டு கையையும் கீழே நீட்டினான். எட்டவில்லை. கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் உயரம் இருந்தது. தோர்க்கெலும் கையை உயர்த்தப் பார்த்தான். கடைசியில் ஹெட்விக்தான் கட்டில்மேல் ஏறி நின்று, அண்ணனின் கையை ஒரு கையால் பற்றி, மறுகையைக் கணவனுக்குக் கொடுத்தாள். அப்படியே நின்றாள். அவளுக்கும் வயதாகியிருந்தது. ஆனாலும் டாக்டர் வரும்வரை அவள் இறங்கவில்லை.

தோர்க்கெல் அந்த வாரமே இறந்தான். தேவாலயத்தில் ஊரே கூடியிருந்தது. லுண்டெல் பட்டறையை அரைநாள் மூடினார்கள். சர்ச் பணியாள் அன்ஸ்காருக்காக நடுவிளக்கைச் சங்கிலியில் ஓரமாக இழுத்துக் கட்டிவைத்து, வாசல் கதவின் மேல்பாதியையும் திறந்துவிட்டிருந்தான். பாடல் பாடும்போது மேலேயிருந்து ஒரு கட்டைக்குரல் தனியாகக் கேட்டது, சுருதி அவ்வளவாகச் சேரவில்லை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து மற்றவர்கள் காபிக்குப் போனார்கள். ஹெட்விக், அந்தக் கோடையிலும் தனக்குக் குளிர்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றாள். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஏரிப்பக்கமிருந்து காற்று பலமாக வீசியது. எனவே அவர்கள் பெரிய தெருவை விட்டு, இருபுறமும் சுவர் உள்ள சந்து வழியாக மெதுவாகப் போனார்கள்.